அரிட்டாபட்டி மலையும் நம்ம எண்ணூர்க் கழியும்



மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் அரிட்டாபட்டி என்று ஒரு ஊர். எர்ணாவூரிலிருந்து 450 கிலோமீட்டருக்கு மேல். "அங்க உள்ள மலைக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம், நம்ம போர்வெல்லில் உப்புத் தண்ணி வருது, அதைப் பேசு" என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் பேசத்தான் போகிறோம். ஆனால் முதலில் அந்த மலையின் கதையைக் கேளுங்கள். நம்மைப் போல ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருக்கும் குடியானவர்கள் நடத்திய போராட்டம் அது. 77 நாளில் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்ய வேண்டி வந்தது. எப்படி ஜெயித்தார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு குன்றுகள். கழிஞ்சமலை அதில் ஒன்று. அதன் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. மேலே 2,000 வருஷத்துக்கு முந்தைய தமிழ் பிராமி எழுத்து. நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவர் அந்தக் குகையை அமைத்துக் கொடுத்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. பக்கத்திலேயே 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துக் குடைவரை சிவன் கோயில், அதில் தமிழ்நாட்டில் அபூர்வமாகக் கிடைக்கும் லகுலீசர் சிற்பம். கொஞ்ச தூரத்தில் மீனாட்சிபுரம் மாங்குளம் மலை. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் கல்லில் வெட்டப்பட்டிருப்பது அங்கேதான். நரசிங்கம்பட்டிப் பெருமாள் மலை அடிவாரத்தில், எழுத்து வருவதற்கு முன்னால் செத்தவர்களைப் புதைத்த ஈமக்காடு.

கழிஞ்சமலையில் இன்னொரு கல்வெட்டும் உண்டு. பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவத்துக்குக் கீழே, சுமார் 1,000 வருஷத்துக்கு முந்தைய வட்டெழுத்து. அச்சணந்தி என்ற சமணப் பெரியவர் செய்வித்த திருமேனி இது, இதைக் காப்பது பாதிரிக்குடி ஊராரின் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. ராஜாவின் படையோ அதிகாரியோ காப்பார்கள் என்று எழுதவில்லை. ஊரார் காக்க வேண்டும் என்று பாறையிலேயே எழுதிவிட்டார்கள்! இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இந்த மலைகள் வெறும் பழங்காலப் பாறை மட்டும் இல்லை. மழை பெய்தால் பாறையில் வழிகிற தண்ணீர்தான் கீழே ஏரியாகவும் கண்மாயாகவும் நிற்கிறது. 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசாங்கமே கணக்கு எழுதியிருக்கிறது. பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாயும் அதில் அடக்கம். பெரியாற்று ஒருபோகப் பாசனத்தில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் இந்தக் கண்மாய்தான் கதி. ராஜாளி, கழுகு என்று 250 வகைப் பறவைகள், எறும்புதின்னி, தேவாங்கு எல்லாம் இருக்கின்றன. இதையெல்லாம் பார்த்துத்தான் 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரிலும் சேர்த்து 193 ஹெக்டேரை, நம்ம கணக்கில் சுமார் 477 ஏக்கரை, பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதல் தலம் அதுதான். பலகை வைத்தார்கள், பத்திரிகையில் போட்டோ வந்தது.

இரண்டு வருஷம்தான். 2024 நவம்பர் 7-ஆம் தேதி மத்திய சுரங்க அமைச்சகம் ஏல முடிவை வெளியிட்டது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் என்று பெயர். 2,015 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர். வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் கம்பெனி ஏலத்தில் முதலில் நின்றது. டங்ஸ்டன் என்றால் பழைய குண்டு பல்புக்குள் எரியுமே அந்தக் கம்பி. இப்போது வெட்டும் கருவிக்கும் குண்டு தயாரிக்கவும் அதிகம் வேண்டியிருக்கிறது. சரி, வேண்டியதுதான் என்று வைத்துக்கொள்வோம். பல்லுயிர்த் தலம் என்று அரசாங்கமே அறிவித்த 477 ஏக்கரும் அந்த 5,000 ஏக்கருக்குள் இருந்ததே! வரைபடம் போட்டவர் கண்ணில் படவில்லையா? ஏலம் விட்டவர் கண்ணில் படவில்லையா? அரசாங்கம் வைத்த பலகையை அரசாங்கமே படிக்கவில்லை.

2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். முக்கியக் கனிமம் என்று 24 கனிமங்களைப் பட்டியல் போட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலத்திடமிருந்து மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. விஷயம் வெடித்ததும், "ஏலத்துக்கு முன்னால் மாநில அரசிடம் கேட்டோம், நிலவிவரம் கொடுத்தார்கள், ஆட்சேபிக்கவில்லை" என்றது மத்திய அமைச்சகம். "2023 அக்டோபரிலேயே எதிர்த்துக் கடிதம் எழுதினோம்" என்றது மாநில அரசு. இவர் கடிதத்தை அவர் காட்டினார், அவர் கடிதத்தை இவர் காட்டினார். இத்தனை கடிதப் போக்குவரத்திலும் அரிட்டாபட்டிக்காரனுக்கோ வல்லாளப்பட்டிக்காரனுக்கோ ஒரு தபால்கார்டு போனதா? பேப்பரைப் பார்த்துத்தான் தன் ஊர் ஏலம் போனதை அவன் தெரிந்துகொண்டான்.

இனி, அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனமாகப் பாருங்கள்.

முதல் காரியம், அவர்கள் காத்திருக்கவில்லை. அளக்க வரட்டும், பொக்லைன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று உட்காரவில்லை. ஏல அறிவிப்பு வந்து பதினாறாவது நாள், நவம்பர் 23-இல் கிராம சபை. அரிட்டாபட்டியிலும் சுற்று ஊர்களிலும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். கம்பெனிக்கு இன்னும் குத்தகைகூடக் கையெழுத்தாகவில்லை. ஒரு கல் பெயர்க்கப்படவில்லை. அப்போதே ஊரின் மறுப்பு தேதியோடும் கையெழுத்தோடும் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இந்த வேகம் எங்கிருந்து வந்தது? பட்ட அனுபவம். மேலூர் வட்டாரத்தில் கிரானைட் குவாரி என்ன செய்தது என்று அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். கீழவளவு, கீழையூர் பக்கம் போனால் மலை இருந்த இடத்தில் பள்ளம் இருக்கும். கண்மாய், வாய்க்கால், புறம்போக்கு எல்லாம் விழுங்கப்பட்டது. 2012-இல் அப்போதைய கலெக்டர் சகாயம் அறிக்கை அனுப்பிய பிறகுதான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. அரிட்டாபட்டி மலைக்கும் கிரானைட்காரர்கள் வந்தார்கள். ஊர் மறித்தது, மலை தப்பியது. 2010 வாக்கில் யானைமலையைச் சிற்ப நகரமாக ஆக்குகிறோம் என்று ஒரு திட்டம் வந்தபோதும் நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் தெருவில் இறங்கித்தான் அதை நிறுத்தினார்கள்.

இரண்டாவது, சாதி, கட்சி, தெரு என்று பிரியாமல் நின்றார்கள். மேலூர்ப் பக்கம் நாடு, அம்பலம் என்று பழைய ஊர்க்கட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பழைய ஏற்பாடுகள் எல்லாவற்றையும் நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட மாட்டோம். அதில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் எவ்வளவு இடம் என்று கேட்க வேண்டியது இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் ஊர் ஊராகச் செய்தி போனது, வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். பெண்கள் கைக்குழந்தையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மேலூர் வியாபாரிகள் கடையடைத்தார்கள். தொல்லியல் படித்தவர்கள் கல்வெட்டைப் படித்துச் சொன்னார்கள், பறவை பார்ப்பவர்கள் பட்டியல் கொடுத்தார்கள், வக்கீல்கள் சட்டத்தைப் பார்த்தார்கள். விவசாயி கண்மாயைச் சொன்னான். எல்லாம் ஒரே மனுவுக்குள் வந்தது. வெறும் கண்மாய் என்று சொல்லியிருந்தால் "நஷ்டஈடு தர்றோம்" என்றிருப்பார்கள். வெறும் கல்வெட்டு என்று சொல்லியிருந்தால் "வேலி போட்டுத் தர்றோம்" என்றிருப்பார்கள். இரண்டும் ஒரே மலை என்று சொன்னபோதுதான் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது.

டிசம்பர் 9-இல் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24-இல் மத்திய அரசு ஒரு படி இறங்கி வந்தது. பல்லுயிர்த் தலம் உள்ள பகுதியை விட்டுவிட்டு எல்லையை மறுபடி வரைய முடியுமா என்று பார்க்கும்படி புவியியல் ஆய்வுத் துறையிடம் சொன்னோம் என்றார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில்தான் பல போராட்டங்கள் படுத்துவிடும். "பரவாயில்லையே, மலையை விட்டுட்டாங்களே" என்று பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேரைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். அரிட்டாபட்டிக்காரர்கள் ஏமாறவில்லை. மலையைச் சுற்றிலும் தோண்டிவிட்டு மலையை மட்டும் நட்ட நடுவில் நிற்கவைத்தால் அதில் வழியும் தண்ணீர் எந்தக் கண்மாய்க்குப் போகும்? தலையை விட்டுடுறோம், உடம்பை மட்டும் கொடுன்னு கேட்டால் கொடுக்க முடியுமா? முழு ஏலமும் ரத்தாகணும் என்று ஒரே சொல்லில் நின்றார்கள்.

2025 ஜனவரி 7. பெரியாற்று ஒருபோகப் பாசன விவசாயிகள் சங்கமாகக் கூடி, நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்துக்கு நடந்தார்கள். பொங்கலுக்கு ஒரு வாரம்தான். வயலில் வேலை நேரம். அதை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். வழியில் போலீஸ் மறித்தும் கூட்டம் மதுரைக்குள் வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். சுரங்கத்தை எதிர்த்துச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்ட அதே மாநில அரசின் போலீஸ்தான் சுரங்கத்தை எதிர்த்து நடந்தவன் மேல் வழக்குப் போட்டது என்பதையும் சேர்த்தே குறித்து வையுங்கள். பிறகு அந்த வழக்குகளைத் திரும்பப் பெற்றார்கள்.

ஜனவரி 22-இல் ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைப் பார்த்தார்கள். மறுநாள் 23-இல் ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்களால்தான் என்று ஒரு கட்சி, எங்களால்தான் என்று இன்னொரு கட்சி. மாலை வாங்க எல்லோரும் வந்தார்கள். அவர்கள் பங்கு இல்லை என்று நாம் சொல்லவில்லை. சட்டமன்றத் தீர்மானம் உதவியது, டெல்லியில் பேசியவர்களும் உதவினார்கள். ஆனால் ஊர் வீட்டில் இருந்திருந்தால் இவர்களில் யார் அசைந்திருப்பார்கள்?

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

மதுரைக்காரனுக்கு மலை இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, நமக்கு என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். எர்ணாவூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூர்க் கோயில். சுவரெல்லாம் சோழர் காலத்துக் கல்வெட்டு. சுற்றூர் நிலங்கள் யார் கொடுத்தது, யாருக்கு விளைச்சல் என்று அதில் எழுதியிருக்கிறது. இந்த மண் நேற்று வரை பொட்டல், தொழிற்சாலை வந்துதான் ஊராச்சு என்று எவனாவது சொன்னால் அந்தச் சுவரைக் காட்டுங்கள். வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடமும், தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறையும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழி. நம் பாட்டன் பூட்டன் உப்பு விளைத்ததும், மீனவர் வலை போட்டதும், வெள்ளத்தில் நம் வயல் தண்ணீர் வடிந்ததும் அந்தக் கழியில்தான்.

அந்தக் கழிக்கும் காகிதம் உண்டு. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை வரைபடத்தில் கழி முழுக்கப் பாதுகாப்புப் பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது மாநில அதிகாரிகள் வேறொரு வரைபடத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அதில் கழியையே காணோம்! 2017-இல் இது வெளிச்சத்துக்கு வந்தது. கிணத்தைக் காணோம் என்று சினிமாவில் வந்தால் சிரிக்கிறோம். இங்கே ஆற்று முகத்தையே காணோம். அதற்குள் கழியில் சாம்பல் கொட்டியாயிற்று, கரையை மூடியாயிற்று.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதானி கம்பெனியின் திட்டம். 2021 ஜனவரியில் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றார்கள், மக்கள் எதிர்ப்பும் கொரோனாவும் சேர்ந்து தள்ளிப்போனது. 2023 செப்டம்பரில் மறுபடி வைத்தார்கள், மறுபடியும் தள்ளிப்போனது. மீனவர்கள் முன்னால் நின்றதால் கிடைத்த அவகாசம் அது. நம்மில் பல பேர் "அது மீன்காரங்க பிரச்சினை" என்று ஒதுங்கி நின்றோம். மீஞ்சூர்ப் பக்கம் போரில் உப்புத் தண்ணீர் ஏறியது 1960-களின் கடைசியில் ஆரம்பித்தது. நகரத்துக்கும் ஆலைக்கும் அளவில்லாமல் உறிஞ்சினார்கள், கடல் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. கழியும் ஏரியும் நல்ல தண்ணீரைத் தாங்கி நின்றால்தான் அந்த உப்பு பின்வாங்கும். கழியை மூடினால் வெள்ளத்தில் வயல் முழுகும், கோடையில் போர் உப்பாகும். இது எப்படி மீன்காரர் பிரச்சினை மட்டும் ஆகும்?

இன்னொரு சேதி, இதைக் கட்டாயம் பக்கத்து வீட்டுக்குப் படித்துக் காட்டுங்கள். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. முக்கியக் கனிமங்கள், அணுக் கனிமங்கள் எடுக்கும் சுரங்கத்துக்கு இனிமேல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லையாம். தேசப் பாதுகாப்பு என்று காரணம். டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அரிட்டாபட்டி ஜெயித்து எட்டு மாதத்தில் வந்த சுற்றறிக்கை இது. அடுத்த தடவை ஒரு மலையை ஏலம் விட்டால், ஊராரைக் கூட்டி மைக்கைக் கையில் கொடுக்க வேண்டிய கட்டாயம்கூட அவர்களுக்கு இல்லை. இன்றைக்குச் சுரங்கத்துக்குச் சொன்னதை நாளைக்குத் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் சொல்ல மாட்டார்கள் என்று யார் உத்தரவாதம்?

கருத்துக்கேட்பை எடுத்துவிட்டால் நமக்குக் கையில் மிச்சம் கிராம சபைதான். எர்ணாவூரில் இருக்கும் எங்களுக்கு அதுவும் கிடையாது. 2011-இல் இந்தப் பக்கம் முழுக்க மாநகராட்சிக்குள் போய்விட்டது. மீஞ்சூர், சோழவரம் ஒன்றிய ஊர்களில் இருக்கும் உங்களுக்கு உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு நாள். தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி, நடத்தியாக வேண்டும். ஆனால் நாம் போவதில்லை. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் நோட்டைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டம் முடிந்தது என்கிறார்கள். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர், 3,000 வரை உள்ள ஊரில் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கையை நாம் நிரப்ப வேண்டும்.

என்ன தீர்மானம் போடுவது? திட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர் ஏரி, தாங்கல், கால்வாய், மேய்க்கால், சுடுகாடு, பழைய கோயில், நடுகல், கழியோரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் சர்வே நம்பரும் விஸ்தீரணமும் போட்டு, இதை வேறு உபயோகத்துக்கு மாற்ற ஊர் சம்மதிக்கவில்லை என்று எழுதுங்கள். 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் போய் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பல ஊரில் அலுவலருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது. இல்லாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். வயதான ஆட்களை உட்காரவைத்து, எந்த ஏரிக்கு எந்த வழியாகத் தண்ணீர் வந்தது என்று சொல்லச் சொல்லி அதையும் எழுதுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நோட்டு காணாமல் போகும் ஊர் நம் ஊர்.

எழுதத் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். எர்ணாவூரில் நம் சங்கத்து ஆட்களிடம் வாருங்கள், கூட உட்கார்ந்து எழுதித் தருகிறோம். வரும்போது வி.ஏ.ஓ.விடம் கேட்டு ஏரியோட 'அ' பதிவேடு நகலும், இருந்தால் கிராம வரைபடமும் கையோட கொண்டு வாங்க. பக்கத்துக் குப்பத்திலிருந்து ரெண்டு மீனவப் பெரியவர்களையும் கூட்டிக்கிட்டு வாங்க.